ருமிசா அழுத்திய சம்மதம்

கூவாங் ரெமா என்ற குடியிருப்பில் ஒரு பெண்ணுக்கு அவள் பெயர் தலைப்பிள்ளை பிறக்கும் வரைதான் சொந்தம். பிள்ளை பிறந்து, தொப்புள்கொடி காய்ந்து விழுந்து, அதற்கு ஒரு பெயரும் வைத்துவிட்டால் பெற்றவளின் பெயரை ஊரே மறந்துவிடும். ரியானைப் பெற்றவள் இனாக் ரியான், ரியானின் அம்மா. ரிஸ்கியைப் பெற்றவள் இனாக் ரிஸ்கி. கிணற்றடியில் நின்று யாரையாவது சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க ஆள் இருக்காது.

நாற்பத்தாறு வயதிலும் ருமிசாவுக்கு ருமிசா என்றுதான் பெயர். அதை யாரும் குத்திக்காட்டுவதற்காகச் சொல்வதில்லை. கூப்பிட்டாலே போதும், குத்திவிடும்.

பத்தொன்பது வயதில் கல்யாணம். சம்சுல் என்ற அந்தப் புண்ணியவான் ஐந்து வருஷம் இங்கே பாதி, மலேசியாவின் பனைத் தோட்டத்தில் பாதி என்று இருந்தான். ஆறாவது வருஷம் வரவில்லை. அப்போது அந்தக் குடியிருப்பில் கைபேசி வைத்திருந்தவர் மளிகைக்கடைக்காரர் ஒருவர்தான். ஒருநாள் அவருக்கு ருமிசாவின் பெயரில் ஒரு செய்தி வந்தது. மனுஷர் நல்லெண்ணத்தோடு, கடையில் எண்ணெய் வாங்க நின்ற ஏழெட்டுப் பேருக்கு நடுவிலேயே அதை உரக்கப் படித்தார். மூன்று தலாக்கும் இரண்டு வரியில் அடங்கியிருந்தன. ருமிசா வாங்க வந்த உப்பை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

ஒரு கைபேசி தன் வாழ்க்கையைச் சந்தையில் போட்டு உடைத்த பிறகும் அவள் இன்னொன்றை நம்பினாளே, அதைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

காலையில் பள்ளிக்கூட வாசலில் மரவள்ளியும் வாழைக்காயும் பொரித்து விற்பாள். மிச்ச நேரமெல்லாம் ஊர்க்காரிகளின் வயிறுகளுக்கு. பதினெட்டு வருஷமாக அவள் சுகாதாரத் தொண்டர். சம்பளம் கிடையாது. மாதம் ஒருமுறை எடைநாள். குடியிருப்புத் தலைவர் வீட்டு மாமரத்தில் தராசைக் கட்டித் தொங்கவிட்டு, குழந்தைகளைத் துணிப்பையில் போட்டு நிறுப்பாள். கர்ப்பிணிகளுக்கு ரத்த அழுத்தம் பார்ப்பாள். வந்தவர்களுக்கெல்லாம் பாசிப்பயற்றுக் கஞ்சி ஊற்றுவாள். யாருக்கு எப்போது நாள் தள்ளியது, யாருக்கு எந்த வாரம் வலி எடுக்கும் என்பதெல்லாம் அவள் விரல்நுனியில் இருந்தது. புருஷனுக்குச் சொல்லும் முன்னால் அவளிடம் சொன்னவர்கள் உண்டு. அவள் வாயிலிருந்து ஒரு சொல் வெளியே போனதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தச் செயலி வந்தது. 'கைகோர்ப்பு' என்கிற மாதிரி அவர்கள் மொழியில் ஒரு பெயர். செலோங் நகரத்தில் குளிர்சாதன அறையில் தொண்டர்களை உட்கார வைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். ஜகார்த்தாவிலிருந்து வந்த ஒரு இளம்பெண் பேசினாள். கர்ப்பிணியின் எண்ணைப் பதிந்தால் வாரம் ஒருமுறை குரல் செய்தி போகும், இந்த வாரம் குழந்தை எப்படி இருக்கும், என்ன சாப்பிட வேண்டும், எது ஆபத்து என்று சொல்லும். அவசரம் என்றால் சிவப்புப் பொத்தான். அழுத்தினால் ஆரம்ப சுகாதார நிலையத்து வண்டி வாசலுக்கே வரும்.

"அம்மாக்களுக்கு இது நம்ம வீட்டு ஆள் பேசற மாதிரி இருக்கணும். அதுக்கு என்ன செய்யலாம்?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ருமிசா கையைத் தூக்கினாள்.

"அவங்களை இனாக்னு கூப்பிடச் சொல்லுங்க. பிள்ளை வயித்துல இருக்கும்போதே கூப்பிடுங்க. தலைப்பிள்ளைக்காரிக்கு அதைவிட இனிப்பா ஒண்ணும் கிடையாது."

கைதட்டினார்கள். அன்று எல்லாருக்கும் நீலச் சட்டையும் நீலக் குடையும் கொடுத்தார்கள். பளிச்சென்ற நீலம், பள்ளியில் பிள்ளைகள் வானத்துக்கு அடிக்கிற நிறம். ருமிசா அந்தச் சட்டையைத் துவைத்துத் துவைத்துப் போட்டாள். வெயில் இல்லாதபோதும் குடையைப் பிடித்தாள். அவள் யோசனையை ஜகார்த்தாக்காரி நோட்டில் எழுதிக்கொண்டதை ஊரில் குறைந்தது இருபது பேரிடம் சொன்னாள். அவள் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை கிடைத்த கைதட்டல், விட்டுத்தள்ளுங்கள்.

அன்றிலிருந்து யாருக்கு நாள் தள்ளினாலும் அவள் வீட்டுக்குப் போய்ப் பதிந்தாள். அது ஒரு கூத்து. கைபேசி முதலில் சொந்தப் பெயரைக் கேட்கும்.

"என் பேரா?" என்றாள், இந்த வருஷம் அவளைப் பதியப் போனபோது மீன் அலசிக்கொண்டிருந்த இனாக் ரிஸ்கி. "இரு அக்கா, யோசிக்கிறேன். பதினோரு வருஷமா யாரும் கேக்கலையே. சக்னா. ஆமா, சக்னா."

"கல்யாணம் ஆனதாவது ஞாபகம் இருக்கா?"

"அது இந்த வயித்தைப் பார்த்தாலே தெரியலையா? மலேசியாவுலேர்ந்து ஆறு மாசம் லீவுல வந்தாரு, குடுத்துட்டுப் போயிட்டாரு. சரி, இதுல சொல்றது எல்லாம் யாருக்குப் போகும்?"

"மருத்துவச்சிக்கு மட்டும்தான். வேற ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது."

"நீ சொன்னா சரி."

கடைசியில் ஒரு பக்கம் வரும். பொடி எழுத்தில், முடிவே இல்லாமல் கீழே கீழே போகும். அதன் அடியில் 'சம்மதம்' என்று ஒரு கட்டம். அதை யாரும் படிக்கவில்லை. பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது, மீதிப் பேருக்கு அது கண்ணுக்கே தெரியாது.

"நீயே அழுத்திடுக்கா, என் கையெல்லாம் மீன்" என்றாள் இனாக் ரிஸ்கி. இன்னொருத்தி கையில் மாவு, இன்னொருத்தி கையில் பிள்ளை. முப்பத்தெட்டுப் பேருக்கும் ருமிசாவின் கட்டைவிரல்தான் சம்மதம் சொன்னது.

செயலியில் நன்மையே இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். இனாக் ரியானுக்கு எட்டாம் மாதத்தில் உதிரம் கொட்டியபோது ருமிசா சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். இருபது நிமிஷத்தில் வண்டி வந்தது. அதற்கு முன்பெல்லாம் வண்டிக்கு ஆள் அனுப்பி, கெஞ்சி, அது வருவதற்குள் எல்லாம் முடிந்துபோய்விடும். தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. அன்றைக்கு ருமிசாவுக்குத் தரையில் கால் பாவவில்லை.

இனாக் ரிஸ்கியின் தங்கை ஹுஸ்னி. இருபது வயது, முதல் கர்ப்பம். வாராவாரம் குரல் வந்ததும் கைபேசியை வயிற்றின்மேல் வைத்துக்கொள்வாள். 'சலாம், இனாக்! இந்த வாரம் உங்கள் செல்லம்...' என்று ஆரம்பிக்கும். அந்த முதல் வார்த்தையை மட்டும் நாலைந்து தடவை திரும்பத் திரும்பக் கேட்பாள். "பாருக்கா, இது ஒண்ணுதான் என்னை இப்பவே இனாக்னு கூப்பிடுது" என்று ருமிசாவிடம் காட்டிச் சிரிப்பாள். ருமிசாவும் சிரிப்பாள்.

ஏழாம் மாதத்தில் ஒருநாள் குழந்தையின் அசைவு நின்றுபோனது. ஆஸ்பத்திரியில் எடுத்த பிள்ளையை அதன் தாத்தா துணியில் சுற்றி வாங்கிவந்து, இடுகாட்டில் செம்பாதிரி மரத்தடியில் புதைத்தார். ஊர் வழக்கப்படி ஹுஸ்னி ஹுஸ்னியாகவே நின்றாள்.

ருமிசா அன்று மாலை செயலியைத் திறந்து உட்கார்ந்தாள். அதனிடமும் சொல்ல வேண்டுமே. 'குழந்தை பிறந்துவிட்டதா?' என்று கேட்டது. ஆம், இன்னும் இல்லை என்று இரண்டே கட்டங்கள். 'ஆம்' என்றால் எடை எவ்வளவு, ஆணா பெண்ணா, தாய்ப்பால் கொடுக்கிறீர்களா என்று அடுக்கியது. 'இல்லை' என்றால் முப்பதாம் வாரத்துக்கு வாழ்த்துச் சொன்னது. செத்துப்போன பிள்ளைக்கு அதில் இடமே இல்லை. எத்தனை படித்தவர்கள் உட்கார்ந்து செய்தார்களோ, அத்தனை பேருக்கும் அது தோன்றவில்லை.

ருமிசா சுகாதார நிலையத்து மருத்துவச்சி எர்மாவைப் போனில் கூப்பிட்டாள். பெரிய குடும்பத்துப் பெண், வயது முப்பதுக்குள்தான். நல்ல மாதிரியாகப் பேசுவாள்.

"நான் பார்த்துக்கிறேன் அக்கா. பேரை எடுத்துடறேன். நீங்க கவலைப்படாதீங்க."

ருமிசா நேரே ஹுஸ்னியிடம் போய், "இனிமே அது கூப்பிடாதும்மா" என்றாள். ஹுஸ்னி சுவரைப் பார்த்தபடியே தலையாட்டினாள். இரண்டு மாதம் உண்மையாகவே அது கூப்பிடவில்லை, கைபேசி அணைந்து கிடந்தது. ஹுஸ்னி அதை மறுபடி உயிர்ப்பித்தது மலேசியாவிலிருந்த புருஷனிடம் பேசுவதற்காக.

அந்த மாத எடைநாளில் மாமரத்தடியில் இருபது பெண்களாவது இருந்திருப்பார்கள். ஹுஸ்னி தலைமுடியைக்கூடக் கட்டாமல் வந்தாள். ஒரு கையில் கைபேசி, மறு கையில் ஒரு பால்மாவு டப்பா. யாரிடமும் பேசாமல் கைபேசியை அழுத்தி ருமிசாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

'வாழ்த்துகள், இனாக்! இன்று உங்கள் செல்லத்துக்குப் பத்து நாள். தொப்புள்கொடி விழுந்துவிட்டதா? உங்கள் வீட்டுக்கு ஒரு சிறிய அன்பளிப்பு வந்துகொண்டிருக்கிறது.'

தராசில் தொங்கிய குழந்தை வீறிட்டது. ருமிசா அதை இறக்கித் தாயிடம் கொடுத்தாள்.

"காலையில ஒரு ஆளு வண்டியில வந்து வீட்டு வாசல்ல நின்னு, 'குழந்தையோட அம்மா யாரு?'ன்னு கேட்டான்" என்றாள் ஹுஸ்னி. "என் மாமியார் அவனை அடிக்கப் போயிட்டாங்க. யாருக்கா அவங்களுக்குச் சொன்னது? என் நாள் எதுன்னு யாருக்குத் தெரியும்? எனக்கும் உனக்கும்தானே தெரியும்?"

"மருத்துவச்சிக்கு மட்டும்தான் போகும்னு..."

ஹுஸ்னி டப்பாவைத் தூக்கி ருமிசாவின் தோளோடு ஒட்டிப் பிடித்தாள். டப்பா நீலம். சட்டை நீலம். ஒரே தொட்டியில் முக்கி எடுத்தது போல் இருந்தன இரண்டும்.

"பாருங்கடி" என்றாள் இனாக் ரிஸ்கி, கூட்டத்தைப் பார்த்து. "ரெண்டு வருஷமா பால்கம்பெனி சட்டையைப் போட்டுக்கிட்டுத்தான் நம்ம வயித்தைத் தடவியிருக்கா. நம்ப வெச்சுக் கழுத்தறுத்துட்டா."

ருமிசா மறுநாளே சுகாதார நிலையத்துக்குப் போனாள். எர்மாவின் அறையில் புது நாற்காலிகள் போட்டிருந்தன. இதற்கு முன்பும் அவற்றில் உட்கார்ந்திருக்கிறாள். அவையும் அதே நீலம் என்பது அன்றுதான் கண்ணில் பட்டது.

"எங்க நாளெல்லாம் பால்காரனுக்கு எப்படிப் போச்சு, இபு?" என்று மரியாதைச் சொல் போட்டே கேட்டாள் ருமிசா.

எர்மா கணினியைத் திருப்பி அந்தப் பொடி எழுத்தைக் காட்டினாள். "இதோ, பதினோராம் பத்தி. திட்டத்துக்கு உதவற நிறுவனங்களோட தகவலைப் பகிரலாம்னு போட்டிருக்கு. சம்மதம் குடுத்திருக்காங்களே."

"யாரு குடுத்தா?"

"அக்கா... எல்லாம் உங்க கைபேசியிலதானே பதிஞ்சிருக்கு."

ருமிசா தன் கட்டைவிரலைப் பார்த்தாள்.

"உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா?"

எர்மா பேனாவை மூடினாள், திறந்தாள். "அவங்க இல்லேன்னா வண்டி இல்லை அக்கா. எண்ணெய் யார் ஊத்தறாங்கன்னு நினைச்சீங்க? இனாக் ரியான் பொழைச்சாளா இல்லையா?"

"சரி. அது போகட்டும். ஹுஸ்னி பேரை எடுக்கிறேன்னு சொன்னீங்களே?"

எர்மா கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு சொன்னாள், "மறந்துட்டேன்."

சண்டைக்கு ஆயத்தமாகப் போயிருந்தவள் அந்த ஒற்றைச் சொல்லோடு எழுந்து வெளியே வந்தாள். வீடு வந்து நீலச் சட்டையைக் கழற்றி, எண்ணெய்ச் சட்டி பிடிக்கிற கந்தையாக்கினாள்.

அடுத்த எடைநாளில் மாமரத்தில் தராசு வெறுமனே ஆடிக்கொண்டிருந்தது. முப்பது பேருக்குக் காய்ச்சிய கஞ்சியை மத்தியானம் ஆடுகளுக்கு ஊற்றினாள். பெண்கள் சிம் அட்டையை உடைத்துச் சாக்கடையில் போட்டிருந்தார்கள். பொரித்த வாழைக்காயைக்கூட வேறு இடத்தில் வாங்க ஆரம்பித்தார்கள். உப்பு வாங்கப் போனால் கடையில் பேச்சு நிற்கும். அந்தக் கடை அவளுக்குப் புதிதல்ல.

அவமானத்தை அவள் தின்று செரித்துவிடுவாள். தூக்கம் கெடுத்தது வேறு. அவளுடைய பழைய நோட்டில் இனாக் ரிஸ்கியின் பெயருக்கு எதிரில் கடைசியாக எழுதிய ரத்த அழுத்தம் நூற்று நாற்பதுக்குத் தொண்ணூறு. செயலியும் அன்று மஞ்சள் நிறம் காட்டியிருந்தது. வாராவாரம் பார்க்க வேண்டிய உடம்பு. இப்போது எட்டாம் மாதம், பார்த்து ஆறு வாரமாகிறது.

மூன்று தடவை போனாள். மூன்று தடவையும் கதவு சாத்தியிருந்தது, உள்ளே வானொலி மட்டும் பாடியது. நாலாவது தடவை, லுஹர் என்னும் மத்தியானத் தொழுகை முடிந்த வெயிலில், கொல்லைப்புறமாகச் சுற்றிப் போனாள். இனாக் ரிஸ்கி துவைகல்லில் உட்கார்ந்திருந்தாள். கால் இரண்டும் பூசணிக்காயாக வீங்கியிருந்தன. பக்கத்திலிருந்த வாளியை எடுக்கக் கையை நீட்டினாள். கை வாளிக்கு ஒரு சாண் தள்ளிக் காற்றைப் பிடித்தது.

"கண்ணுல பூச்சி பறக்குதா?" என்றாள் ருமிசா.

"உன்னை யாரு அனுப்பினா? பால்காரனா?"

"தலை வலிக்குதா?"

இனாக் ரிஸ்கி நெற்றியை அழுத்திக்கொண்டாள். உள்ளேயிருந்து ஹுஸ்னி வந்து வாசற்படியில் நின்றாள். ருமிசாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அந்தப் போனை வெளியில வெச்சுட்டு வா" என்றாள்.

ருமிசா கைபேசியைக் கோழிக்கூண்டின் மேல் வைத்துவிட்டு, இனாக் ரிஸ்கியைத் தாங்கி உள்ளே கூட்டிப் போனாள். ரத்த அழுத்தப் பட்டையை அவள் கையில் சுற்றினாள். நூற்று எழுபதுக்கு நூற்றுப் பத்து. தப்பாக இருக்கக் கூடாதா என்று இன்னொரு தடவை பார்த்தாள். அப்போதும் இறங்கவில்லை.

"இப்பவே கிளம்பணும். இது வலிப்புல கொண்டுபோய் விடும். பிள்ளையும் போயிரும், நீயும் போயிருவே. ஊர்ல இருக்கிற ஒரே வேனும் மீன்சந்தைக்குப் போயிருக்கு. இந்த நிலைமையில பைக்ல உக்கார முடியாது. சிவப்புப் பொத்தானை அழுத்தறேன்."

"என் பேரு மறுபடி அதுக்குள்ள போச்சுன்னா நான் வண்டியில ஏற மாட்டேன்." இனாக் ரிஸ்கிக்கு நாக்கு தடித்திருந்தது, பிடிவாதம் மட்டும் தெளிவாக இருந்தது. "பொழைச்சாலும் டப்பா வரும், செத்தாலும் டப்பா வரும். என் தங்கச்சி பட்டதை நான் பார்த்தேன். வேணாம்."

ருமிசா ஹுஸ்னியைப் பார்த்தாள். அவள் அக்காவின் கையை இறுகப் பிடித்திருந்தாள்.

ருமிசா கோழிக்கூண்டுக்குப் போனாள். 'புதிய தாயைப் பதிவு செய்க.' பெயர், ருமிசா. வயது, நாற்பத்தாறு. எத்தனையாவது பிள்ளை? முதல். எத்தனை வாரம்? முப்பத்துமூன்று. எண்? அவளுடையதேதான். பொடி எழுத்து ஓடி ஓடிக் கீழே வந்து நின்றது. இந்தத் தடவை அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். சம்மதம் அழுத்தினாள். பிறகு சிவப்பு.

இருபத்தைந்து நிமிஷத்தில் வண்டி வந்தது. ஓட்டுநர் கையிலிருந்த திரையைப் பார்த்தார், ருமிசாவின் ஒட்டிய வயிற்றைப் பார்த்தார்.

"யாரு இதுல ருமிசா?"

"நான்தான். தலைப்பிள்ளை. இவங்க என் துணைக்கு வர்றாங்க."

அந்த ஆள் வீங்கிய கால்களைப் பார்த்தார். "அப்ப துணையைப் பிடிச்சுப் படுக்க வைங்க. நீங்க முன்னாடி உக்காருங்க, தலைப்பிள்ளைக்காரி குலுங்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு, மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் வண்டியைக் கிளப்பினார்.

ஆஸ்பத்திரியில் அன்றே வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள். பெண் பிள்ளை, ஒன்றே முக்கால் கிலோ. அழுவதற்கே கொஞ்ச நேரம் பிடித்தது. ஆனால் அழுதது. தாயும் பிழைத்தாள். தொப்புள்கொடி விழுந்து பெயர் வைத்த அன்று ருமிசாவுக்கு அழைப்பு வரவில்லை. ஹுஸ்னி வாழையிலையில் கட்டிய சோற்றுப் பொட்டலத்தை அவள் வாசற்படியில் வைத்து, கதவை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விட்டாள். எடைநாளுக்கு ஏழெட்டுப் பேர் மறுபடி வரத் தொடங்கினார்கள், கைபேசியை வீட்டில் வைத்துவிட்டு. முன்போல யாரும் சிரிக்கவில்லை. நாள் தள்ளிப்போனதை இப்போதெல்லாம் அவளிடம் முதலில் சொல்வதில்லை.

பெயர் வைத்த நாளிலிருந்து ஏழாவது வாரம், எண்ணெய்ச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது.

"இனாக் ருமிசா வீடு இதானே?"

தெருவில் போன இரண்டு பெண்கள் நின்றுவிட்டார்கள். அந்தப் பெயரை அந்தத் தெரு கேட்டதே இல்லை.

"அப்படி யாரும் இங்க இல்லை" என்றாள் ருமிசா.

"எண்ணும் விலாசமும் சரியா இருக்கே. பிள்ளை தூங்குதா? இதுல ஒரு அழுத்து அழுத்துங்க, வாங்கிட்டீங்கன்னு." நீல டப்பாவைப் படியில் வைத்துவிட்டுக் கைபேசியை நீட்டினான்.

"நான் அழுத்த மாட்டேன். எடுத்துட்டுப் போயிரு."

"திருப்பி எடுத்துட்டுப் போனா எனக்குத்தான் திட்டு விழும். கை ஈரமா இருக்கா? பரவாயில்லை, நானே அழுத்திடறேன்" என்றான் அவன், அவளுக்கு உதவுகிற குரலில். அழுத்திவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான்.

அவள் டப்பாவைத் தொடவில்லை. உள்ளே அடுப்படியில் கைபேசி அடித்தது. எடுத்தாள்.

'வாழ்த்துகள், இனாக்! இன்று உங்கள் செல்லத்துக்குப் பத்து நாள்.'

செலோங்கில் அவளே கையைத் தூக்கிக் கேட்டு வாங்கிய சொல். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவளும் என்னிடம் வெட்கத்தை விட்டுத்தான் சொன்னாள்: அந்த ஒரு மூச்சு நேரம் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. தன்னை ஏமாற்றியது, ஹுஸ்னியை அறுத்தது, வயிற்றில் எதுவுமே இல்லாதவளைக் கூப்பிடுகிறது என்று எல்லாம் தெரிந்தும், நெஞ்சு போய் அதனிடம் ஒட்டிக்கொண்டது. பால்காரனை, எர்மாவை, சம்சுலைக்கூட ஒருநாள் மன்னித்துவிடலாம், இந்த நெஞ்சை எப்படி மன்னிப்பது என்று கேட்டாள்.

குரல் முடிந்தது. வாசலில் அந்த இரண்டு பெண்களும் இன்னும் போகவில்லை. ருமிசா எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். அடுப்படிக்குத் திரும்பி வந்து, ஒலியைக் குறைத்து வைத்துக்கொண்டு, அதை இன்னொரு தடவை கேட்டாள்.